எண்ணும் பெயரும்

வீரன் ஒருவன் பெற்ற பதக்கத்தை விலைகொடுத்து வாங்குதல் அறமாகுமா? பெட்டாலிங் ஜெயாவின் பழம்பொருட் சந்தையில் போர்ப் பதக்கமொன்றைக் காண்போர் நெஞ்சில் இவ்வினா எழுதல் இயல்பே.

மலாயாவின் நெருக்கடிக் காலத்தில் (1948–1960) பணியாற்றிய பிரிட்டிஷ் படையினர்க்கு, 'மலாயா' என்னும் பட்டையுடன் பொதுச் சேவைப் பதக்கம் வழங்கப்பெற்றது. அதன் முகத்தில் முடியரசரின் உருவம் இருக்கும். விளிம்பிலோ வீரனின் படை எண்ணும் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். சோவியத் நாட்டின் செவ்விண்மீன் விருதிலோ பெயரில்லை. பின்புறத்தில் எண் மட்டுமே உண்டு. அவ்வெண்ணை ஆவணப் பதிவுகளோடு ஒப்பிட்டாலன்றிப் பெற்றவர் யாரென அறிய இயலாது.

வறுமையாலோ மறதியாலோ பதக்கங்கள் வீட்டைவிட்டு வெளியேறுகின்றன. விற்றவரைப் பழித்தல் எளிது. அவர் வீட்டு அடுப்பை யார் அறிவார்? வாங்கியவர் என்ன செய்கிறார் என்பதே அறத்தின் உரைகல். இலாபத்திற்காக ஒருவரின் பதக்கத் தொகுதியைப் பிரித்து விற்பவரும் விளிம்பெழுத்தைத் தேய்த்தழிப்பவரும் ஒரு மனிதனின் வரலாற்றையே அழிக்கின்றனர். எண்ணைப் பின்தொடர்ந்து பெயரையும் வாழ்வையும் மீட்பவரோ, உடைமையாளர் என்பதினும் காவலர் எனத் தக்கவர்.

ஆயினும் எண்ணே பெறாதோரும் உளர். 1942–43இல் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா இரயில்பாதை அமைக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். மாண்டோர்க்குப் பதக்கமில்லை, பலர்க்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை. ஓர் உலோக வட்டத்தின் விளிம்பைப் படிக்கக் காட்டும் பொறுமையை, இவர்தம் பெயர்களைத் தேடித் தொகுப்பதிலும் காட்டுவோமாக! பதக்கம் பெற்றவனுக்குச் செலுத்தும் மதிப்பு அப்போதுதான் நிறைவுறும்.