பிரியத்துக்கு உரிமையாளர் யார்?

ஓர் உருவத்தின் மேல் மக்கள் வைக்கும் பிரியத்தை யாராவது தம் உடைமை என்று வாடகைக்கு விட முடியுமா? இக்கேள்வியைப் பெரிய அளவில் எழுப்பியது கே காமனின் தொழில் வாழ்க்கை. பால்டிமோரில் 1892இல் பிறந்த அவர், கான்சஸ் நகரில் விளம்பரத் தொழில் நடத்திவந்தார். வால்ட் டிஸ்னியின் கதாபாத்திரங்களைப் பொருள்களில் பயன்படுத்த உற்பத்தியாளர்களுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு 1932இல் அவரிடம் வந்தது.

அடுத்த ஆண்டே இங்கர்சால் கம்பெனி மிக்கி மவுஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. சுண்டெலியின் கைகளே அதன் முட்கள். இரண்டே ஆண்டுகளில் 20 லட்சத்துக்கும் மேல் விற்றன. நொடித்துப்போயிருந்த லயனல் பொம்மை ரயில் கம்பெனிக்கு, மிக்கியும் மின்னியும் நின்று ஓட்டும் ஒரு டாலர் சாவிவண்டி 1934இல் கைகொடுத்தது. பெருமந்தக் காலத்தில் இது பலரின் வேலையைக் காத்தது என்பதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

உழைப்பைக் கலந்தவனுக்கே பொருள் சொந்தம் என்றார் தத்துவஞானி ஜான் லாக். அப்படியானால் வரைந்த கோடுகள் டிஸ்னி ஸ்டுடியோவுக்கு உரியவை. ஆனால் அவற்றைத் தோழனாக்கிக்கொண்டது குழந்தைகளின் கற்பனை. அந்தத் தோழமையில் ஸ்டுடியோவின் பங்கு பாதிதான். மார்க்ஸ் 1867இல் சொன்னதும் இங்கே பொருந்தும்: சந்தைக்கு வந்த பண்டம் தானே உயிருள்ளதுபோல் நின்று, அதைச் செய்தவர்களின் உறவை மறைக்கிறது. காமன் அந்தப் பண்டத்துக்கு முகமும் பெயரும் கொடுத்தார். சிறுவன் மிக்கியைப் பார்த்தான். இங்கர்சாலின் வாட்டர்பரி தொழிற்சாலையில் கடிகாரம் பூட்டியவரைப் பார்க்கவில்லை.

ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1930களில் மிக்கி மவுஸைப் பற்றி எழுதியபோது, இயந்திர யுகத்தின் இறுக்கத்தைத் தளர்த்தும் கூட்டுச் சிரிப்பைத் திரையரங்கில் கண்டார். கைக்கடிகாரமோ அந்தப் பொதுச் சிரிப்பைத் தனியொருவரின் மணிக்கட்டுக்குக் கொண்டுபோனது.

பெரியவர் அதை வாங்கும்போது, படத்துக்காகவும் பணம் தருகிறோம் என்று தெரிந்தே தருகிறார். அதில் ஏமாற்று இல்லை. ஆனால் சிறு குழந்தைக்குத் தோழன் வேறு, விற்பனைச் சின்னம் வேறு என்ற பிரிவே இன்னும் உருவாகவில்லை. அந்த அறியாமையைச் சந்தையாகக் கொள்வதுதான் இத்தொழிலின் உண்மையான அறச்சிக்கல். உரிம ஒப்பந்தம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அது இதைத் தீர்ப்பதில்லை.

காமனும் அவர் மனைவியும் 1949 அக்டோபரில் அசோர்ஸ் தீவுகளில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தனர். பிறகு உரிமம் வழங்கும் வேலையை டிஸ்னி நிறுவனம் தானே ஏற்றுக்கொண்டது.