அர்ச். பெலவேந்திரர் கோவிலில் ஒரு பகல்



நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் ஊர் உபதேசியார் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். பதிதர் கோவில் வாசற்படியை மிதிக்கலாகாது. மிதித்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர். அவர் கற்பித்த ஜெபங்களைத்தான் இன்றைக்கும் சொல்லிவருகிறேன். ஆனால் ஹவாயித் தீவுகளில் ஹொனொலூலு பட்டணத்திலே, ஆங்கிலிக்கன் சபையாரின் மேற்றிராசனக் கோவில் முன் நின்றபோது என் கால் சற்றே பின்வாங்கியதற்கும் அவரே காரணம். பிரிந்துபோனவர்களைச் சகோதரர் என்று மதிக்கும்படி 1964-ல் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்துவிட்டது. புத்தி அதை ஏற்றுக்கொண்டது. கால் மட்டும் இன்னும் உபதேசியாருக்கே கீழ்ப்படிந்திருந்தது!

உள்ளே போனேன். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கல்லால் கட்டிய கோவில். கூர் வளைவுகள், உயர்ந்த தூண்கள். மேற்குச் சுவர் முழுவதும், தரை தொட்டு மேல்வரை, வர்ணக் கண்ணாடி. அது 1958-ல் முடிந்த வேலை. கோவிலுக்குப் பெயர் அர்ச். பெலவேந்திரர். ஆம், அர்ச். இராயப்பருடைய சகோதரர்தான், நம் ஊர்களில் எத்தனை பிள்ளைகளுக்கு அவர் பெயர்! அந்தப் பெயர் அங்கே வந்த விதத்தைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ஹவாயி அப்போது தனி இராச்சியம். 1855-ல் நான்காம் கமேஹமேஹா அரசரானார். மறுவருஷம் எம்மா என்பவரை விவாகம் செய்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1853-ல், பெரியம்மை வந்து ஆயிரக்கணக்கான சனங்களை வாரிக்கொண்டு போயிருந்தது. மீந்தவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி வேண்டுமென்று அரசரும் அரசியும் கையில் குறிப்புப் புத்தகம் ஏந்தி, வீடு வீடாய் ஏறி இறங்கிப் பணம் கேட்டார்கள். வரி தண்டின அரசர்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். வாசலில் நின்று கேட்ட அரசர் எத்தனை பேர்? 1859-ல் ஆஸ்பத்திரி உண்டாயிற்று. இன்றும் அரசியின் பேராலேயே நடக்கிறது.

அதே 1859-ல்தான் அந்த அரசர் கையில் இரத்தம் பட்டது. அரசியைக் குறித்து யாரோ கிளப்பின வீண் பேச்சை நம்பி, மதுவின் வெறியிலே, தம்முடைய காரியதரிசி ஹென்றி நீல்சன் என்பவரைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். பேச்சு பொய்யென்று பிறகு தெரிந்தது. குண்டைத் திருப்பி எடுக்க முடியுமா? நீல்சன் உடனே சாகவில்லை; இரண்டு வருஷத்துக்கு மேல் நோயாய்க் கிடந்து 1862-ல் மரித்தார். அரசர் மனங்கசந்து, முடியைத் துறந்துவிடுகிறேன் என்றார். மந்திரிகள் தடுத்தார்கள்.

அந்த வருஷத்துத் துக்கம் அதோடு முடியவில்லை. அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஆல்பர்ட் இளவரசன். 1858 மே மாதம் பிறந்தவன். விக்டோரியா மகாராணியே ஞானத்தாய். அப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் சபையை நடத்தவும் இங்கிலாந்திலிருந்து மேற்றிராணியார் ஒருவரை அரசர் கேட்டிருந்தார். ஸ்டேலி என்னும் மேற்றிராணியார் புறப்பட்டும் விட்டார். கப்பல் கடலில் இருக்கையிலேயே பிள்ளை நோயில் விழுந்தான். இனிக் காத்திருக்க நேரமில்லை. அங்கிருந்த வேறொரு சபையின் போதகர் ஆங்கிலிக்கன் முறைப்படி ஞானஸ்நானம் கொடுத்தார். மகாராணி அனுப்பிய வெள்ளிக் கிண்ணம் வந்து சேர்ந்திருந்தது. ஆகஸ்டு 27-ல் பிள்ளை இறந்தான். வயது நாலு. மேற்றிராணியார் கரையேறியது அக்டோபரில்.

இங்கே ஞானோபதேசத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் வார்த்து, அர்ச். தமதிரித்துவத்தின் நாமத்தைச் சொல்லி, திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்தோடு கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம், கொடுத்தவர் யாராயிருந்தாலும் செல்லும். இது நேற்றைய போதனையல்ல, பதிதருடைய ஞானஸ்நானத்தைக் குறித்துப் பூர்வகாலத்திலேயே வழக்காடித் தீர்த்த காரியம். அப்படியானால் அந்த நாலு வயதுப் பிள்ளை யார்? நம்முடைய தம்பியல்லவா? நான் மிதிக்கத் தயங்கியது யாருடைய வீட்டு வாசற்படி?

பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் கடவுளோடு பேச்சை நிறுத்திவிடுவதுண்டு. குருவாயிருந்து எத்தனையோ வீடுகளில் அதைக் கண்டிருக்கிறேன். குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இந்த அரசரோ ஆங்கிலிக்கன் சபையின் ஜெபப் புத்தகத்தைத் தம் கையாலே ஹவாயி மொழியில் பெயர்த்து, முகவுரையும் எழுதினார். அந்தப் புத்தகத்தில் பாவத்தை அறிக்கையிடும் ஜெபம் உண்டு. மரித்தோரை அடக்கம் செய்யும் ஜெபமும் உண்டு. ஒரு மனிதனைச் சுட்ட கை அவற்றை வரி வரியாய் எழுதியிருக்கிறது. தக்க வார்த்தை தேடி அவர் எந்த இடத்தில் பேனாவை நிறுத்தினாரோ, கடவுளுக்குத் தெரியும். 1862 நவம்பர் 28-ல் அரசரும் அரசியும் உறுதிப்பூசுதல் பெற்றார்கள். மறுவருஷம் நவம்பர் 30-ல் அரசர் இறந்தார். வயது இருபத்தொன்பது. அன்று அர்ச். பெலவேந்திரர் திருநாள். கோவிலுக்குப் பெயர் கிடைத்தது இப்படித்தான்.

பிள்ளை போனபின் அரசிக்குக் கலேலேயோகலானி என்று பெயர் வழங்கிற்று. பரத்துக்குரியவன் பறந்துபோனான் என்பது கருத்து. கணவரும் போனபின் அதில் ஓர் எழுத்து மாறிற்று: கலேலேயோனலானி. பறந்துபோனவன், பறந்துபோனவர்கள் ஆனான். விதவைக் கோலத்தோடு அவர் 1865-ல் இங்கிலாந்து சென்று, தம்மைப்போலவே விதவையாயிருந்த விக்டோரியா மகாராணியைச் சந்தித்து, கோவிலுக்குப் பணம் சேர்த்தார். 1867-ல் மைத்துனராகிய ஐந்தாம் கமேஹமேஹா மூலைக்கல் நாட்டினார். அவ்வருஷமே பெண்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் எழும்பிற்று. எம்மா 1885-ல் காலமானார். கோவிலில் வழிபாடு தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம். பிற்காலத்தில் முடியும் நாடும் இழந்து, 1895-ல் சிறையும் கண்ட லிலியுவோகலானி அரசி ஆறுதல் தேடி வந்ததும் இங்கேதான்.

அங்கிருந்து சில நிமிஷ நடையில் நமது சமாதான இராக்கினி மாதா கோவில். 1843-ல் அபிஷேகம் பண்ணப்பட்டது. அதுவும் இலேசாய் வந்ததல்ல. 1831-ல் நம் குருக்களைத் தீவை விட்டே துரத்தினார்கள், நம் வேதத்தில் சேர்ந்த சுதேசிகளைச் சிறையிலிட்டுக் கடின வேலை வாங்கினார்கள். 1839-ல்தான் வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது. அந்த மாதா கோவிலில் 1864 மே மாதம், நம் அரசர் இறந்த ஆறாம் மாதம், குருப்பட்டம் பெற்றவர் தமியான் சுவாமியார். மொலோக்காயில் தொழுநோயாளரோடு வாழ்ந்து, அந்நோயாலேயே 1889-ல் மரித்து, 2009-ல் அர்ச்சிஷ்டராக உயர்த்தப்பட்டவர். அவருக்கு இலண்டனில் நிதி திரட்டி அனுப்பியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சாப்மன் என்னும் ஆங்கிலிக்கன் குரு. தமியான் சுவாமியார் அதை நன்றியோடு வாங்கிக்கொண்டார்; கொடுத்தவர் எந்தச் சபை என்று நோயாளிகளின் புண் கேட்கவில்லை.

அன்று பகல், பெலவேந்திரர் கோவிலில் கடைசி வரிசைப் பலகை ஒன்றில் முழந்தாளிட்டேன். ஆல்பர்ட் பிள்ளைக்காக நான் வேண்டவில்லை. ஞானஸ்நானம் பெற்று நாலு வயதில் போனவனுக்கு நம் வேண்டுதல் எதற்கு? அவனிடம் எனக்காகக் கேட்டுக்கொண்டேன். பிறகு ஹென்றி நீல்சனுக்காக ஒரு பரலோக மந்திரம், அவரைச் சுட்ட அரசருக்காக ஒன்று. இரண்டையும் தமிழிலேயே சொன்னேன்.