மகளைக் கேட்கும் ஆண்டவர்



சுரங்கத்தில் வேலை பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இராப்பகலாக அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்து எழும்பிவிடும். பம்பு ஓடும்வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் அருள்சகோதரிகளையும் அப்படித்தானே வைத்திருக்கிறோம்?

நம்மில் பலர் பிள்ளைகளைக் குளூனி பள்ளிக்கு அனுப்பியவர்கள். அந்தப் பள்ளியை நடத்தும் துறவறச் சபையை 1807இல் பிரான்சில் தொடங்கியவர் ஒரு விவசாயியின் மகள், அருளாளர் ஆன் மரி ஜவுஹே. 1827இலேயே அவருடைய சகோதரிகள் புதுச்சேரியில் வந்து இறங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே அவர்களுடைய பழைய பிரெஞ்சு வீடு ஒன்றில், ஏழைப் பெண்கள் மேசை விரிப்பிலும் தலையணை உறையிலும் பூத்தையல் போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். அன்னை ஜவுஹேயோ பிரெஞ்சு கயானாவின் மானா என்ற ஊருக்குப் போய், அடிமைகளை விடுதலை வாழ்வுக்குத் தயார்செய்தார். 1838இல் 185 பேர் அங்கே விடுதலை பெற்றார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மடத்துக்கு அரிசி மூட்டை கொடுக்கிறோம். கிறிஸ்துமஸ் கேக் கொண்டுபோகிறோம். நம் வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு, "அம்மா, நான் சிஸ்டராகப் போகிறேன்" என்றால்? "முதல்ல டிகிரிய முடி, அப்புறம் பாக்கலாம்." அடுத்த வீட்டுப் பெண் போனால் இறை அழைத்தல், நம் பெண் போனால் நெஞ்சு வலி.

அந்த வலிக்காக ஆண்டவர் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார். ஜவுஹேயின் தகப்பனாரும் முதலில் சம்மதிக்கவில்லை. மகள் நிலத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்வாள் என்று நம்பியிருந்தவர். ஆண்டவர் அவரை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவருடைய நான்கு மகள்களும் துறவறம் பூண்டார்கள். 1812இல் குளூனி நகரில் சபைக்கென்று ஒரு பழைய மடத்தை விலைக்கு வாங்கிக் கொடுத்தவரும் அதே தகப்பன்தான். அந்த ஊர்ப் பெயர்தான் இன்று நம் பிள்ளைகளின் பள்ளிப் பெயர்ப்பலகையில் நிற்கிறது.

அழுது, மிரட்டி, மகளைத் தடுத்துவிட்ட பெற்றோரும் இங்கே அமர்ந்திருக்கலாம். அவள் இன்று கணவன், குழந்தைகள் என்று நல்லபடி இருக்கிறாள் அல்லவா? அந்த வீட்டிலும் ஆண்டவர்தான் குடியிருக்கிறார். தடுத்துவிட்டோமே என்ற பாரத்தை இன்று நற்கருணைப் பேழை முன் இறக்கி வையுங்கள். போகும்போது, ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்காகக் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிற சிஸ்டரிடம், சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.