இந்த முதுகு யாருக்குச் சொந்தம்?

மருதமுனையில் தறிக்குழியில் கால் வைத்துக் கைத்தறி நெய்பவரின் நாரியும், சாய்ந்தமருதுக் கரையில் கரைவலை இழுப்பவரின் நாரியும், சம்மாந்துறையில் நெல்மூடை சுமப்பவரின் நாரியும் என்றாவது ஒரு நாள் ஒரே பாஷையில் பேசத் தொடங்கிவிடும். முதலில் ஒரு பிடிப்பு. பிறகு இடுப்பிலிருந்து தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல ஒரு வலி. அந்த வலிக்குத் தமிழர், முஸ்லிம் என்ற பேதம் கிடையாது. கத்தோலிக்கருக்கென்று சலுகையும் கிடையாது.

முள்ளந்தண்டின் எலும்புகளுக்கு இடையில் மெத்தை போன்ற தட்டுகள் உண்டு. அவற்றில் ஒன்று பிதுங்கி நரம்பை நெருக்கும்போது வலி காலுக்கு இறங்குகிறது. இந்த உண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டி, பிதுங்கிய பகுதியை அகற்றும் சத்திர சிகிச்சைக்கு வழிதிறந்தவர்கள் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து வைத்தியர்களான மிக்ஸ்டரும் பாரும். அவர்களுடைய கட்டுரை 1934ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்று முதல் உலகெங்கும் எத்தனையோ முதுகுகள் கத்திக்கு உட்பட்டுவிட்டன. ஆனால் எல்லா முதுகுகளுக்கும் கத்தி தேவைதானா?

2007ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில் ஒல்லாந்து நாட்டு வைத்தியர்கள் 283 நோயாளரை இரு பிரிவாக்கிச் சோதித்திருந்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே சத்திர சிகிச்சை என்று தீர்மானம். மற்றப் பிரிவுக்குப் பொறுத்திருந்து பார்க்கும் சிகிச்சை. கத்தி பட்டவர்களுக்கு வலி விரைவில் தணிந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரு பிரிவினரிலும் நூற்றுக்கு 95 பேர் குணமடைந்ததாகச் சொன்னார்கள். பொறுத்திருந்தோரில் நூற்றுக்கு 39 பேருக்கு இடையில் சத்திர சிகிச்சை செய்ய நேர்ந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆகவே காத்திருப்பது கோழைத்தனமும் அன்று, கத்தியை ஏற்பது அவசரப்புத்தியும் அன்று. ஒன்று மட்டும் விலக்கு. சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, மலசலம் கட்டுப்பாடு இழந்தாலோ, இருக்கும் இடம் மரத்துப்போனாலோ, கால்கள் சோர்ந்து விழுந்தாலோ, அந்த மணி நேரமே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். அப்போதும் எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இருப்பதற்குப் பொறுமை என்று பெயர் வைக்காதீர்கள்.

இனித்தான் நம் கேள்வி வருகிறது. தீர்மானிப்பது யார்?

நம் வீடுகளில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். "அறுவடை முடியட்டும்" என்பார் தகப்பன். "மூத்தவளின் கல்யாணம் முடியட்டும்" என்பாள் தாய். அயல் வீட்டு உம்மாவோ "நோன்பு முடியட்டும்" என்பார். பிள்ளைகள் கூடிப் பேசுவார்கள். மருமகன் ஒரு கருத்துச் சொல்வார். கொழும்பிலிருந்து தொலைபேசியில் இன்னொருவர் சொல்வார். முதுகுக்கு உரியவளிடம் கடைசியாகத்தான் கேட்பார்கள், சில வீடுகளில் கேட்பதே இல்லை. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957 நவம்பரில் மயக்க மருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், நோயாளியின் சம்மதம் இல்லாமல் வைத்தியருக்கென்று தனி உரிமை எதுவும் கிடையாது என்ற கருத்தைத் தெளிவாக வைத்தார். வைத்தியருக்கே இல்லாத உரிமை மருமகனுக்கு எப்படி வந்தது? அதே ஆண்டு பெப்ரவரியில், வலியைத் தணிக்க மருந்து ஏற்பது தவறன்று என்றும் அவர் விளக்கியிருந்தார். வலியைச் சுமப்பதே புண்ணியம் என்று படுக்கையில் கிடக்கும் தாய்க்குப் போதிக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் "என் உடல், என் இஷ்டம்" என்று நிறுத்திவிடவும் முடியாது. கையொப்பம் இடுவது ஒருவர். அதன் சுமை விழுவது பல தோள்களில். ஆயத்தம் என்பதை எண்ணிப்பாருங்கள். சிகரெட்டை நிறுத்த வேண்டும். புகை எலும்பு பொருந்துவதையும் காயம் ஆறுவதையும் கெடுக்கிறது. சீனி வியாதியைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அஸ்பிரின் போன்ற மாத்திரைகளையும், முறிவு வைத்தியரின் கஷாயத்தையும்கூட ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இவை நோயாளியின் பங்கு. கட்டிலைச் சரியான உயரத்துக்கு ஆக்குவது, குந்தும் மலசலகூடத்துக்குப் பதில் நாற்காலி வைத்த ஏற்பாடு செய்வது, பாத்திரங்களைக் குனியாமல் எடுக்கும் உயரத்தில் அடுக்குவது, மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் கூடப் போவது யார் என்று பேசி வைப்பது ஆகியவை குடும்பத்தின் பங்கு. கத்தி படும் நாளுக்கு முன் இவை ஆகாவிட்டால் பின்பு ஆகப்போவதில்லை.

சத்திர சிகிச்சைக்குப் பின் நிலைமை வேடிக்கையானது. அநேகரை மறுநாளே, சிலரை அன்றைக்கே எழுப்பி நடக்கவைக்கிறார்கள். எழும்போது உடலை மரக்குற்றி போல ஒருக்களித்துப் புரட்டி, கையை ஊன்றி எழ வேண்டும். நடப்பது மருந்து. குனிவதும், திருகுவதும், பாரம் தூக்குவதும், நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும் கேடு. ஊரார் கண்ணுக்கு இது விளங்குவதில்லை. "கடைத்தெருவில் நடந்து போகிறாரே, வேலைக்குப் போனால் என்ன?" என்கிறார்கள். நடக்கிறவர் மூடை தூக்கக் கூடாது என்பதை யாரும் நம்புவதில்லை. கை முறிந்தவருக்கு மாவுக்கட்டு சாட்சி சொல்லும். முதுகுக்காரருக்குச் சாட்சி சட்டைக்குள் இருக்கிறது.

சமயங்களோ இதில் ஊரைவிட இரக்கமுள்ளவை. நின்று தொழ முடியாதவர் இருந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று முஸ்லிம்களின் நபிவழி அனுமதிக்கிறது. நோயாளி நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கலாம். நமது பூசையிலும் உடல்நலம் இடந்தராதவர் முழந்தாளிட வேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி நோயாளிக்கு நற்கருணைக்கு முந்திய உபவாசமும் கடமையல்ல. இவ்வளவு இருந்தும், பள்ளிவாசலில் கதிரை போட்டு அமரக் கூசுகிற வாப்பாவும், ஆலயத்தில் எழுந்தேற்றத்தின்போது பல்லைக் கடித்துக்கொண்டு முழந்தாளிடுகிற தாயும் இருக்கிறார்கள். சட்டம் மன்னித்த முழங்காலை அயலவர் பார்வை மன்னிக்கவில்லை.

இதைவிடக் கடினமானது கூலிக்காரரின் நிலை. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு வைத்தியசாலையும் இருக்கின்றன. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் பாரம் தூக்காதே என்று வைத்தியர் சொல்லும் வாரங்களுக்கு யார் கூலி கொடுப்பது? நாட்கூலிக்கு மூடை சுமப்பவரிடம் "ஓய்வு எடுங்கள்" என்பது, கடன்பட்டவரிடம் "சேமியுங்கள்" என்பது போன்றது. அவர் ஒரு மாதத்தில் மீண்டும் மூடைக்குக் கீழே குனிந்தால் அது அவருடைய பிடிவாதம் என்று சொல்லிவிட நமக்கு மனம் வருமா? வைத்தியசாலைப் பயணத்துக்கு நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு கூட்டமாய்ப் போய்ப் பார்க்கிறோம். வீடு திரும்பிய நாலாவது வாரத்தில் அந்த வாசலில் ஒரு செருப்பும் இல்லை. வின்சென்ட் டி போல் சபையாரும் ஸக்காத் பங்கிடுவோரும் அந்த நாலாவது வாரத்தைக் கணக்கில் எடுத்தால், பிழைக்கும் முதுகுகள் பல.

வீட்டுப் பெண்ணின் கூலியோ எந்தக் கணக்கிலும் வராது. அவளுக்கு ஓய்வு என்றால் அடுப்படியை வேறொருவர் ஏற்க வேண்டும். மகன் தேங்காய் துருவவும், கணவன் துணி துவைக்கவும் ஆயத்தமா என்பதைக் கையொப்பத்துக்கு முன்பே கேட்டுவைப்பது தகும். கிளினிக் நாளில் வைத்தியர் "பாரம் ஏதும் தூக்கினீர்களா?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் கணவனை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்லை டொக்டர்" என்பாள் அவள்.