திமிங்கிலப் பல்லில் தீட்டிய சித்திரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நாண்டக்கெட் தீவிலிருந்தும் நியூ பெட்ஃபர்ட் துறைமுகத்திலிருந்தும் பசிபிக் சமுத்திரத்துக்கு வேட்டை நாடிச் சென்ற மாலுமிகள், மூன்று நான்கு ஆண்டுகள் என நீண்ட அப்பிரயாணங்களில், வேலையற்ற நாட்களைக் கழிக்கும்பொருட்டு, தாம் கொன்ற ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் பல்லிலேயே சித்திரம் கீறினார்கள். பல்லின் கரடுமுரடை ராவி, சுறாத் தோலால் தேய்த்து வழவழப்பாக்கி, பாய் தைக்கும் ஊசியாலும் மடக்குக் கத்தியாலும் கோடிழுத்து, விளக்குக் கரியைப் பூசித் துடைத்தால், கீறிய இடத்தில் மட்டும் கருமை தங்கும். ஸ்க்ரிம்ஷா என வழங்கும் இக்கலையைப் பற்றிய நூல்களைப் படிக்குந்தோறும், கொலை செய்த கையே இத்தனை நுட்பமாகச் சித்திரமும் தீட்டியிருக்கையில், அவ்வழகை எந்த மனத்தோடு ஏற்பது என்ற வினா என்னை விடாது பற்றிக்கொள்கிறது.

பெரும்பாலான பற்களில் செய்தவன் பெயர் இல்லை. பெயர் தெரிந்த சிலருள் ஒருவர் நாண்டக்கெட்டைச் சேர்ந்த எட்வர்ட் பர்டெட். 1805இல் பிறந்த அவர், 1833இல், திமிங்கிலம் இழுத்தோடிய வடத்தில் சிக்கிக் கடலுக்குள் போய் மாண்டார். இன்னொருவர் பிரெடெரிக் மைரிக். ‘சூசன்’ என்ற கப்பலில் இருந்தபடி 1828, 1829ஆம் ஆண்டுகளில் பல பற்களில் அக்கப்பலின் உருவைத் தீட்டிய அவர், உயிரோடுள்ள திமிங்கிலங்கள் மடிக, அவற்றைக் கொல்வோர் நெடிது வாழ்க, மாலுமிகளின் மனைவியருக்கு நலம் பெருகுக என்னும் கருத்தில் ஒரு வாழ்த்தையும் பொறித்தார். மரணத்தை வேண்டிய அதே மூச்சில் இல்லாளின் க்ஷேமத்தையும் வேண்டிய அந்த உள்ளத்தைக் கபடமுள்ளதென்று என்னால் சொல்ல முடியவில்லை.

கப்பற் சித்திரங்களைவிட என்னை உருக்குபவை, மனைவிக்கென்றும் காதலிக்கென்றும் செய்த சிறு பொருள்களே. மார்க்கச்சினுள் செருகும் எலும்புப் பட்டை, மாவுப் பண்டத்தின் ஓரத்தை அறுக்கும் சக்கரம், நூல் சுற்றும் சட்டம் ஆகியவற்றில், வருஷக்கணக்காகக் காணாத முகத்தை எண்ணிக் கழித்த இரவுகளின் ஏக்கமெல்லாம் படிந்திருக்கிறது. இந்த அன்பு மெய்யானது. ஆயினும் அது திமிங்கிலத்தின் வேதனையில் ஓர் அணுவையும் குறைத்ததில்லை.

‘அகுஷ்நெட்’ கப்பலில் 1841இல் தாமே வேட்டைக்குச் சென்ற ஹெர்மன் மெல்வில், பத்தாண்டுக்குப் பின் எழுதிய ‘மோபி டிக்’ நாவலில், தாய்த் திமிங்கிலங்களும் கன்றுகளும் சூழ்ந்த அமைதியான நீரில் ஒரு படகு அகப்பட்டுக்கொள்வதை வருணிக்கிறார். அருகே வந்த உயிர்களின் முதுகை, ஸ்டார்பக் என்ற துணைத் தலைவன் தன் ஈட்டியால் சொறிந்துகொடுக்கிறான். விளைவுக்கு அஞ்சியே அப்போதைக்குக் குத்தாதிருக்கிறான். மனிதனின் வாத்ஸல்யமும் குரூரமும் ஒரே ஆயுதத்தின் முனையில் கூடி நிற்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய இடம் வேறொன்றை நான் படித்ததில்லை.

பாவத்தையெல்லாம் மாலுமியின் தலையில் சுமத்துவதும் நியாயமன்று. சம்பளமின்றி லாபத்தில் ஒரு சிறு பங்குக்கே உழைத்த அவர்களிற் பலர், உடைக்கும் முன்பணத்துக்கும் பிடித்தம் போகக் கடனோடு கரையேறினார்கள். அவர்கள் கொணர்ந்த எண்ணெயும், அவர்கள் சரக்கிலிருந்து செய்த மெழுகுவர்த்தியும், இரத்தத்தை ஒருநாளும் கண்டிராத நல்லோர் இல்லங்களில் எரிந்தன; அவ்வொளியில் வேதம் படித்தவர்களும் உண்டு. அந்த விளக்குகளில் திமிங்கில எண்ணெய் எரிவது நின்றுபோனதும் கருணையினாலன்று. 1859இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டபின் பெருகிய மண்ணெண்ணெய் மலிவாக இருந்ததனால்தான். வியாபார வேட்டைக்குச் சர்வதேசத் தடை நடைமுறைக்கு வர 1986 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆதலின் அப்பற்களை வெறுத்து ஒதுக்குவதையும், கலை என்ற பெயரால் குற்றம் கழுவி மெச்சுவதையும் நான் ஏற்கவில்லை. நார்மன் ஃப்ளேடர்மன் 1972இல் வெளியிட்ட பெருநூல் போன்றவற்றில் இச்சித்திரங்களைக் கண்டு மகிழும் வாசகர்கள், படங்களோடு நின்றுவிடாமல், மெல்விலின் அந்த அத்தியாயத்தையும் உடன் எடுத்துப் படிக்கவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.