கூலிக்கு விருந்தோம்பல்

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில், ஒன்பதாம் அதிகாரமாக வைத்தார். அஃது இல்வாழ்வோரின் கடமை என்பது அவ்வைப்புமுறையிலேயே புலப்படும். இன்றைய கொழும்பில் நிகழும் திருமண விருந்துகள் பலவற்றிலோ உணவு பரிமாறுவோர் வீட்டார் அல்லர். விருந்து ஒப்பந்த நிறுவனமொன்றின் நாட்கூலி ஊழியர். அவர்கள் முகத்திற் காணும் முறுவல் எவருடையது?

ஒருகொடவத்தையில் வாழும் இளைஞன் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். கொள்கலன் வண்டிகள் ஓயாத அச்சந்தியில் பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உள்ள மண்டபத்தை அடைகிறான். நிறுவனம் தந்த வெள்ளைச் சட்டையை அணிகிறான். கோப்பைகளைத் துடைத்து அடுக்குகிறான். கறிச் சட்டிகளின் கீழ் நெருப்பு அணையாது பார்க்கிறான். விருந்தினர் கலைந்தபின் எச்சிற் கோப்பைகளை அகற்றி, மேசைவிரிப்புகளை மடித்து முடிக்கையில் நள்ளிரவு கடந்துவிடுகிறது. இவற்றுக்குக் கூலி உண்டு. 'சிரித்த முகத்தோடு நில்' என்னும் கட்டளைக்குக் கூலி எவ்வளவு?

1943இல் வெளிவந்த 'இருத்தலும் இன்மையும்' என்னும் நூலில், சார்த்தர் காப்பிக்கடைப் பணியாள் ஒருவனை வருணிக்கிறார். அவனுடைய அசைவுகள் அளவுக்கு மீறிய கச்சிதமுடையவை. அவன் பணியாளாக நடிக்கிறான். தன் சுதந்திரத்தைத் தனக்கே மறைக்கும் சுயவஞ்சனையை அவர் அங்கு காண்கிறார். அந்நடிப்பைப் பொதுமக்களே கோருகின்றனர் என்பதைக் குறிப்பிடவும் அவர் தவறவில்லை. எனினும் கோருவோரின் பொறுப்பு யாது என்ற வினா அங்கு தொடரப்படவில்லை. மேசையில் அமர்ந்து நோக்கும் தத்துவஞானிக்கு அஃது எளிதில் தோன்றாது போலும்! அமெரிக்க விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹொக்சைல்ட், 1983இல் வெளியிட்ட நூலில், புன்னகையும் உழைப்பே என்றார். ஒருகொடவத்தை இளைஞன் எவரையும், தன்னையுந்தான், வஞ்சிக்கவில்லை. அடுத்த விருந்துக்கு அழைக்கப்படாது போகலாம் என்ற அச்சத்தை அவன் முறுவலால் மூடுகிறான்; அவ்வளவே.

இதனாற் கூலிப் பரிமாறலை முற்றாகக் கண்டித்தல் பொருந்தாது. உறவினரே பரிமாறிய பழைய பந்தியை எண்ணி ஏங்குவோர், அப்பந்தியில் எவர் அமரலாம், எவர் கை உணவைத் தொடலாம் என்பவற்றைச் சாதி தீர்மானித்ததை மறந்துவிடுகின்றனர். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோரை விலக்கும் வழக்கம், 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் பின்னரும் நீடித்தது. அதனை உடைக்க 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் வேண்டியிருந்தன. கொழும்பு மண்டபத்திலோ பரிமாறுவோனின் சாதியைப் பொதுவாக எவரும் வினவுவதில்லை. பணம் செய்த நன்மை இது. அவன் முகத்தையே எவரும் பார்ப்பதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

அவன் விருந்தினனும் அல்லன், விருந்தளிப்போனும் அல்லன். பழைய பந்தியிற் பரிமாறியவர்கள் கடைசிப் பந்தியிலாவது அமர்ந்து உண்டனர். அவர்களுக்கென ஓர் இலை இருந்தது. இவனோ மணிக்கணக்காக உணவின் வாசனை நடுவே நின்றபின், சமையற்கட்டின் பின்புறத்தில், கிடைத்ததை நின்றபடியே உண்பவனாக இருக்கலாம். நிறுவனத்துக்குப் பணம் செலுத்தியதோடு இதுபற்றிய தம் கடமையும் தீர்ந்ததென வீட்டார் கருதுவது நேர்மையாகுமா? கூலி உழைப்புக்கு ஈடாகலாம். ஒருவன் பசித்து நிற்பதைக் காணாதிருக்கும் உரிமையை அது வாங்கித் தராது. ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று விலை பேசும் வீட்டார், அந்த ஆட்கணக்கிற் பரிமாறுவோரும் அடங்குவரா என்று கேட்கலாம். 300 பேர் உண்ணும் விருந்தில் அவர்களின் தொகை மிகச் சிறிதே.