கடலில் கலப்பது வீணா?

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுவிட்டால் நம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு பெருமூச்சு எழும். "இத்தனை தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே!" என்பார் ஒருவர். மற்றவர் தலையசைப்பார். மேடைப் பேச்சாளரும் அதையே சொல்வார், கைதட்டலும் கிடைக்கும்.

எதையும் ஏன், எதற்கு என்று கேட்கப் பழகிய நாம், இந்த "வீண்" என்ற சொல்லை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவைத்தது ஏன்?

ஓமலூரும் எடப்பாடியும் சங்ககிரியும் வறண்ட ஏரிகளைப் பார்த்து ஏங்கியதை நாம் அறிவோம். மேட்டூர் உபரி நீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்கு ஏற்றும் திட்டத்தின் முதற்கட்டம் 2021இல் தொடங்கப்பட்டபோது மகிழ்ந்தோம். உழவனின் தாகம் நியாயமானது. அதை மறுப்பவர் மனிதரல்லர். நாம் மறுப்பது வேறொன்றை. நமக்குக் கிடைக்காதது எல்லாம் வீண் என்னும் எண்ணத்தையே மறுக்கிறோம்.

ஆறு கடலுக்குத் தண்ணீரை மட்டுமா கொண்டுபோகிறது? வண்டலைக் கொண்டுபோகிறது; அந்த வண்டலால் உருவானதே தஞ்சைத் தரணி. ஆற்று நீரும் உப்பு நீரும் கலக்கும் கழிமுகத்தில்தான் இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தில் வளர்கின்றன. நன்னீர் குறைந்தால் உவர்நீர் நிலத்தடியில் உள்ளே நுழைகிறது, கிணறு கரிக்கிறது, வயல் பாழாகிறது. 1934இல் எழுந்த மேட்டூர் அணை நமக்கு வாழ்வளித்தது, உண்மை. அதே அணை வண்டலையும் தடுத்து நிறுத்துகிறது என்பதும் உண்மை. மழை பொய்த்தால் நெடுங்கடலும் தன் இயல்பு குன்றும் என்று வான்சிறப்பில் வள்ளுவர் உரைத்தார். கடலுக்கும் கொடுக்க வேண்டியது உண்டு என்று அன்றே உணர்ந்தது தமிழ் நெஞ்சம்.

இன்னொரு கூட்டமும் இருந்தது. கடற்பயணம் சாதியைக் கெடுக்கும் பாவம் என்றது பௌதாயன தர்ம சூத்திரம். அதை எள்ளி நகையாடுகிறோம், நகையாட வேண்டியதுதான். ஆனால் கடல் நமக்கு அப்பாற்பட்டது என்று அவர்கள் கட்டிய சுவர், நம் மனத்திலும் ஒரு மூலையில் நிற்கிறதே, அதை இடித்தோமா?

சட்டமும் சுவர்தான் கட்டியிருக்கிறது. 1991இல் மத்திய அரசு பிறப்பித்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை காவல் என்றது. பின்னர் வந்த 2018ஆம் ஆண்டு அறிவிக்கையில், மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் 200 மீட்டராக இருந்த கட்டடத் தடை 50 மீட்டராகச் சுருங்கிற்று. காவல் சுருங்கச் சுருங்க யார் உள்ளே வருவார்? ஓலைக் குடிசை மீனவரா, உல்லாச விடுதி முதலாளியா? இதைக் கேட்பது கரையோரத்தாரின் வேலை மட்டுமன்று.

ஏனெனில் கடலைக் கெடுப்பது 500 மீட்டருக்குள் மட்டும் நிகழ்வதில்லை. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்து, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் சேர்கிறது. காவிரியின் வழி எங்கே முடிகிறது? பூம்புகாரில்! நல்ல நீரைக் கடலுக்குக் கொடுக்க மனம் வராத நாம், நாற்ற நீரைக் கொடுக்கத் தயங்குவதில்லை. இது என்ன நீதி?

"நான் மீனவனல்லன்; எனக்கென்ன கடமை?" என்று கேட்கும் தோழருக்கு ஒரு சொல். பிலிகுண்டுலுவில் நின்று நாம் கர்நாடகத்திடம் என்ன வாதாடினோம்? மேலே இருப்பவனுக்கு ஆறு சொந்தமன்று, கீழே இருப்பவனுக்கும் உரிமை உண்டு என்றுதானே! அந்த அறம் மேட்டூரோடு நின்றுவிடுமா? நமக்குக் கீழே தஞ்சை. தஞ்சைக்குக் கீழே கரை. கடலே கடைசிக் கடைமடை!

காவிரி நடுவர் மன்றம் 2007இல் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டது. சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி. ஒதுக்கியது. கடலுக்கென்று அதன் கணக்கில் எழுதியது 4 டி.எம்.சி. அதையும் பங்கு என்று எழுதவில்லை. தவிர்க்க முடியாமல் தப்பிப்போகும் நீர் என்றே எழுதிற்று. வழக்குரைக்க வாயில்லாதவனுக்குத் தீர்ப்பில் கிடைத்த இடம் அது! வாயில்லாதவர் பக்கம் நின்று வழக்குரைப்பதன்றோ நம் இயக்கம் நமக்குக் கற்றுத் தந்த பாடம்?

கடலன்னை என்று கற்பூரம் கொளுத்த வேண்டாம். ஆடிப் பெருக்கில் ஆற்றிலே துணியை எறிந்து புண்ணியம் தேடவும் வேண்டாம். ஆற்றில் விடும் கழிவைத் தடுக்கக் குரல் கொடுப்போம். ஏரிக்கு நீர் கேட்கும் அதே வாயால், கரைக்கும் பங்கு உண்டு என்று கூறுவோம். கடற்கரைச் சட்டம் திருத்தப்படும் போதெல்லாம், கடலே காணாத ஊரிலிருந்தும் கேள்வி எழட்டும்.

அடுத்த முறை அணை நிரம்பும். தேநீர்க் கடையில் அந்தப் பெருமூச்சும் எழும். அப்போது நாம் அமைதியாகக் கேட்போம்: "வீண் என்றீரே ஐயா, யாருக்கு?"